சதுர்யுகத் தொகையை வகுத்துக் கற்பித்தல்

சைவ பாடசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் யுகங்களின் தொகையை மாணாக்கருக்குச் சொல்லுவர். கிருதயுகம் 17,28,000, திரேதாயுகம் 12,96,000, துவாபரயுகம் 8,64,000, கலியுகம் 4,32,000. ஆகச் சதுர்யுகம் ஒன்றுக்கு மானுட ஆண்டு 43,20,000 என்பது அப்பாடம். மாணாக்கர் அதனை மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஆசிரியரும் எத்துணைப் பெரிய எண்ணென்று வியந்து சொல்லிவிட்டு அப்பாற் செல்வர். மணி அடித்தபின் கணிதபாடந் தொடங்கும். அங்கே அவ்வாசிரியரே காரணிகளைக் கற்பிக்கும்பொருட்டு 84, 120 முதலிய எண்களைக் கரும்பலகையில் எழுதுவர். முன்னைப் பாடத்தில் வந்த எண்ணைப் பின்னைப் பாடத்துக்கு எடுத்துச் செல்வோர் மிகச் சிலர். அதனை எடுத்துச் செல்லும்படி ஆசிரியர்களை வேண்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நாம் வற்புறுத்துதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் இளமையிலே கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே கணிதங் கற்பித்த ஆசிரியரொருவர், ஒருநாள் யுகக்கணக்கைக் குறித்து, "கணக்கு அறியாதவர்கள் சுழியத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்" என்று சொல்லி நகைத்தார். வகுப்பும் நகைத்தது. நாம் மறுமொழி அறியாது தலைகுனிந்திருந்தோம். வீட்டுக்கு வந்து அதனைத் தந்தையாருக்குச் சொன்னபோது, அவர் வெகுண்டு, "அது இருடிகள் சொன்ன கணக்கு, அதிலே நீ கேள்வி கேட்க வேண்டாம்" என்றார். அப்பொழுதும் நாம் தலைகுனிந்தே நின்றோம். நகைத்தவரும் அந்த எண்ணை வகுத்துப் பார்த்திலர், வெகுண்டவரும் வகுத்துப் பார்த்திலர் என்பது நெடுங்காலஞ் சென்றபின்பே எமக்கு விளங்கிற்று. நடுவே நின்ற பிள்ளைக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு சிலேற்றும் அரைமணித்தியாலமுமே.

எமது மிஷன் கல்வியை இகழ்தற்கு இதனைச் சொன்னோமல்லேம். இனி நாம் காட்டப்போகும் வகுத்தல் முறையை எமக்குக் கற்பித்ததும் அப்பாடசாலையே. வட்டுக்கோட்டைச் செமினரியில் இருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் தமிழிலுள்ள சோதிட கணிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1848 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்திற் பதிப்பித்தனர். நமது கணிதத்தை அவர் முற்றும் உடன்பட்டவரல்லர். ஆயினும் கற்றபின்பே பேசினார். அந்நெறியை நாமும் கைக்கொள்வோமாக.

யுகத்தொகையின் காரணிகள்

முதலில் நான்கு யுகங்களையும் நோக்குக. கலியுகத்தை ஒரு பங்காகக் கொண்டால், துவாபரம் இரண்டு, திரேதா மூன்று, கிருதம் நான்கு பங்குகளாம். ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் கூடிப் பத்து. ஆதலின் சதுர்யுகம் 4,32,000 இன் பத்து மடங்காகும். விகிதசமங் கற்கும் சிறு வகுப்புக்கு இதுவே போதிய பாடம். நான்கு எண்களை மனனஞ் செய்த பிள்ளை, ஒன்றை நினைவில் வைத்து மற்றை மூன்றையும் தானே ஆக்கிக்கொள்ளும்.

இனி 43,20,000 ஐ முதன்மை எண்களால் வகுத்துக்கொண்டு செல்க. இரண்டால் எட்டுமுறை வகுபடும். மூன்றால் மூன்றுமுறை வகுபடும். ஐந்தால் நான்குமுறை வகுபடும். அதன்பின் எஞ்சுவது ஒன்றே. 2 இன் எட்டாம் வலு 256. 3 இன் மூன்றாம் வலு 27. 5 இன் நான்காம் வலு 625. இம்மூன்றையும் பெருக்கினால் 43,20,000 வருதல் காண்க. 2, 3, 5 என்னும் மூன்று முதன்மை எண்களையன்றி வேறொன்றும் இதனுள் இல்லை.

இதற்குக் காரணிகள் எத்தனை? ஒரு காரணியை ஆக்குமிடத்து, இரண்டை எடாமலும் விடலாம், ஒன்று முதல் எட்டு வரையும் எடுக்கலாம். ஆக 9 வழி. மூன்றுக்கு 4 வழி. ஐந்துக்கு 5 வழி. இவற்றைப் பெருக்க 180. 43,20,000 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் நூற்றெண்பது உளவென்று, ஒன்றையேனும் வகுத்துப் பாராமலே சொல்லிவிடலாம். மாத எண்ணாகிய 12, மாத நாளாகிய 30, நாழிகைக் கணக்காகிய 60, வட்டப் பாகையாகிய 360 யாவும் அவற்றுள் அடங்கும். ஆனால் 7 அடங்காது. ஏழால் வகுத்தால் 6 மீதியாம். அடுத்த எண்ணாகிய 43,20,001 ஐ எடுத்தால் அது ஏழால் வகுபடும். ஆனால் 2, 3, 5 ஒன்றாலும் வகுபடாது. காலத்தைப் பன்னிரண்டும் முப்பதும் அறுபதுமாகப் பகுக்கும் கணிதர், தமக்கு வேண்டியபடி வகுபடும் ஓர் எண்ணைத் தெரிந்து வைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

நாட்களின் தொகை

ஆண்டுத் தொகை மாத்திரம் இருந்தாற் கணிதம் நடவாது. அத்தனை ஆண்டில் எத்தனை நாள் என்று அறிதல் வேண்டும். ஆரியபட்டர் கி.பி. 499 ஆம் ஆண்டைக் குறித்துச் செய்த ஆரியபட்டீயத்திலே, ஒரு சதுர்யுகத்திற் பூமி தன்னிற்றானே சுழலும் முறை 1,58,22,37,500 என்று சொல்லப்பட்டது. இதனின்றும் 43,20,000 ஐக் கழிக்க, 1,57,79,17,500 வரும். இதுவே ஒரு சதுர்யுகத்து நாட்களின் தொகை.

ஏன் கழித்தல் வேண்டுமென்று மாணாக்கர் கேட்பர். மண்டபத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கை வைத்து, ஒரு பிள்ளையை அதனை வலம்வரச் செய்க. முகம் எப்பொழுதும் விளக்கையே நோக்கியிருத்தல் வேண்டும். ஒருமுறை வலம்வந்தபின் கேட்க: விளக்கைக் குறித்து அப்பிள்ளை எத்தனைமுறை சுழன்றது? ஒருமுறையும் இல்லை. ஆனால் மண்டபச் சுவர்களைக் குறித்தோவெனின், அதன் முகம் கிழக்கையும் தெற்கையும் மேற்கையும் வடக்கையும் முறையே நோக்கி மீண்டது. ஆகவே ஒருமுறை சுழன்றது. விளக்கு சூரியன், சுவர்கள் நட்சத்திரங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு சுழற்சி நட்சத்திரக் கணக்கில் மிகும். 43,20,000 ஆண்டில் அத்தனை சுழற்சி மிகுமாதலின் அதனைக் கழித்தோம். பூமி தன்னிற்றானே சுழலுகின்றதென ஆரியபட்டர் கூறியதை மாணாக்கர் அறியற்பாலர். பூமி சூரியனைச் சுற்றுகின்றதென்றும் அவர் கூறினார் எனச் சேர்த்துச் சொல்லல் மிகையாம். ஆசிரியர் அதனை விலக்குக.

ஒன்றை ஒன்றால் வகுத்தல்

இப்பொழுது நம் கையில் இரண்டு பெரிய எண்கள் உள. இவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காண்பாம். பெரியதைச் சிறியதால் வகுத்து, அச்சிறியதை மீதியால் வகுத்து, அம்மீதியை அடுத்த மீதியால் வகுத்து, மீதியற்றுப்போகும் வரையும் செல்லும் முறை யூக்கிளிட்டின் ஏழாம் புத்தகத்தில் உள்ளது. ஆரியபட்டரும் தமது குட்டகக் கணிதத்தில் இங்ஙனம் ஒன்றையொன்றால் மாறி மாறி வகுக்கும் முறையையே ஆள்கின்றார்.

1,57,79,17,500 ஐ 43,20,000 ஆல் வகுக்க, ஈவு 365, மீதி 11,17,500.
43,20,000 ஐ 11,17,500 ஆல் வகுக்க, ஈவு 3, மீதி 9,67,500.
11,17,500 ஐ 9,67,500 ஆல் வகுக்க, ஈவு 1, மீதி 1,50,000.
9,67,500 ஐ 1,50,000 ஆல் வகுக்க, ஈவு 6, மீதி 67,500.
1,50,000 ஐ 67,500 ஆல் வகுக்க, ஈவு 2, மீதி 15,000.
67,500 ஐ 15,000 ஆல் வகுக்க, ஈவு 4, மீதி 7,500.
15,000 ஐ 7,500 ஆல் வகுக்க, ஈவு 2, மீதி இல்லை.

ஏழு படியில் முடிந்தது. பொதுக் காரணிகளுட் பெரியது 7,500. இரண்டு எண்களையும் அதனால் வகுக்க, ஆண்டு 576 ஆகவும், நாள் 2,10,389 ஆகவும் சுருங்கும். 43,20,000 ஆண்டுக்கு 1,57,79,17,500 நாளென்பதும், 576 ஆண்டுக்கு 2,10,389 நாளென்பதும் ஒன்றே. ஆரியபட்டீயத்துக்குக் கி.பி. 629 இல் உரைகண்ட முதலாம் பாஸ்கரரும் இச்சுருங்கிய எண்களைக் கொண்டே கணித்தார். கரும்பலகை முழுவதும் நிரம்பிய எண்கள் ஒரு வரியில் அடங்குதலைக் காணும் மாணாக்கரின் முகத்திலே தோன்றும் மகிழ்ச்சியை, இதனைக் கற்பித்த ஆசிரியரே அறிவர்.

இன்னும் ஒன்று. 576 இன் காரணிகள் இரண்டும் மூன்றுமே. 2,10,389 ஐக் காரணிப்படுத்தினாலோ 61, 3,449 என்னும் இரண்டு முதன்மை எண்கள் வரும். ஆண்டுத் தொகை கணிதர் தமக்கு வாய்ப்பாக வைத்த எண். அது எளிதில் வகுபடும். நாட்டொகை வானத்தின் செலவை நோக்கி வைத்த எண்; வானம் நமது வாய்ப்பாட்டுக்கு இணங்கி நடப்பதன்று.

பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுதல்

2,10,389 ஐ 576 ஆல் வகுக்க, 365 நாளும் 576 இல் 149 பங்கும் வரும். இப்பின்னத்தைத் தசமமாக்கினால் 0.258680555 என்று முடிவின்றிச் செல்லும். 576 இனுள் மூன்று இருத்தலும், பத்தினுள் மூன்று இல்லாமையுமே காரணம். அறுபதினுள் மூன்று உண்டு. அறுபதின் மூன்றாம் வலு 2,16,000. அது 576 ஆல் மீதியின்றி வகுபட்டு 375 ஆம். ஆதலின் 149 ஐ 375 ஆற் பெருக்க 55,875 தற்பரையாகும். அறுபது தற்பரை ஒரு விநாடி, அறுபது விநாடி ஒரு நாழிகை, அறுபது நாழிகை ஒரு நாள். ஈண்டு விநாடி என்றது பழைய அளவு, கடிகாரத்துச் செக்கனன்று. அவ்வாறு மாற்ற, 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை என மிச்சமின்றி முடியும். கடிகாரக் கணக்கில் இது 6 மணித்தியாலம் 12 நிமிஷம் 30 செக்கன். தசமத்தில் முடியாத பின்னம் அறுபதின் கூற்றில் முடிதலை, தசமபாடங் கற்பிப்போர் தவறாது காட்டுக.

இவ்வாண்டளவே வாக்கிய பஞ்சாங்கத்துக்கு அடிப்படை. நமது வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கம் இருக்கும். சென்ற ஆண்டின் சித்திரைப் புதுவருஷப் பிறப்பு நேரத்தையும் இவ்வாண்டின் நேரத்தையும் மாணாக்கரைக் கொண்டு எழுதுவிக்க. 365 நாள் என்பது ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு நாளும். ஆகவே வருஷப்பிறப்பு ஆண்டுதோறும் ஒரு கிழமையும் ஏறக்குறைய ஆறேகால் மணித்தியாலமும் தள்ளிப் பிறத்தல் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளை, தந்தையார் பஞ்சாங்கத்தில் வாசிக்கும் நேரம் தன் சிலேற்றிலுள்ள 149 இலிருந்து வருவதைக் காணும். அது காணும்பொழுது பெரிய எண் கதையாய் இராது, கணிதமாய்விடும்.

கிழமையும் நாழிகையும் ஒருங்கே மீள எத்தனை ஆண்டு செல்லும்? 576 ஆண்டில் நாழிகை மீளும். 2,10,389 ஐ ஏழால் வகுத்தால் 4 மீதியாதலின் கிழமை மீளாது. ஏழு முதன்மை எண்ணாதலின், 576 ஐ ஏழாற் பெருக்கிய 4,032 ஆண்டு சென்றபின்பே இரண்டும் ஒருங்கு மீளும்.

பெரிய எண் எதற்கு

576 போதுமாயின், 43,20,000 எதற்கு? நகைத்த ஆசிரியருக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி இங்கேயே உள்ளது.

சூரியன் ஒன்றுக்கே 576 போதும். சந்திரனோ ஒரு சதுர்யுகத்தில் 5,77,53,336 முறை வான்வட்டத்தைச் சுற்றுகின்றதென்பது ஆரியபட்டர் கணக்கு. இதற்கும் நாட்டொகைக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 732. வகுக்க, 21,55,625 நாளில் 78,898 சுற்று. 21,55,625 இன் காரணிகள் 5 இன் நான்காம் வலுவும் 3,449 உம். சூரியனுக்குரிய 2,10,389 இன் காரணிகள் 61 உம் 3,449 உம். இரண்டின் பொது மடங்குகளுட் சிறியது 13,14,93,125 நாள். அஃதாவது 3,60,000 ஆண்டு. சூரியனும் சந்திரனும் முழுச் சுற்றோடு முழு நாளில் ஒருங்கு கூட அத்துணைக் காலம் வேண்டும்.

சனியைச் சேர்க்க. அதன் சுற்று 1,46,564. இது நான்கால் வகுபடும். எட்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் வகுபடாது. ஆகவே 43,20,000 ஐ நான்கால் வகுத்த 10,80,000 ஆண்டுக்குக் குறைந்த காலத்திற் சனி கணக்கோடு சேராது. செவ்வாய், புதன், வியாழன், சுக்கிரன் என்பவற்றின் சுற்றுக்களும் நான்கால் வகுபடுவனவே. ஆரியபட்டர் நான்கு யுகங்களையும் 4, 3, 2, 1 என்று பகாது, ஒவ்வொன்றும் 10,80,000 ஆண்டு எனச் சமமாகப் பகுத்தது இதனோடு பொருந்துதல் காண்க. இறுதியிலே சந்திரோச்சத்தைச் சேர்க்க. சந்திரன் பூமிக்கு மிகத் தூரத்தே செல்லும் அவ்விடமும் ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றும். அதன் சுற்று 4,88,219. இது 2, 3, 5 ஒன்றாலும் வகுபடாது. ஆதலின் 43,20,000 ஆண்டும் முழுவதாக வேண்டும். சூரியனுக்கு 576, சந்திரனோடு 3,60,000, சனியோடு 10,80,000, சந்திரோச்சத்தோடு 43,20,000 என்று இவ்வெண் படிப்படியே நிரம்புகின்றது.

ஆயின், வானம் இயல்பாகவே 43,20,000 ஆண்டில் ஒருங்கு கூடுகின்றதென்று இதனாற் கொள்ளலாமோவெனின், ஆகாது. யுகத்தை முன்னே வைத்துக்கொண்டு, அதனுள் ஒவ்வொரு கோளும் எத்தனை முழுச் சுற்றுச் சுற்றுமென்று கணிதர் அமைத்தனர். தசமப் பின்னத்தை ஆளாத அக்கணிதர், நுட்பமான அளவை முழு எண்ணாற் சொல்லுதற்கு வகுக்கும் எண்ணைப் பெரியதாக வைத்தனர். நாட்டொகையில் ஒரு நாளைக் கூட்டினால் ஆண்டின் அளவு எவ்வளவு மிகும்? ஒரு நாள் 86,400 செக்கன். 43,20,000 ஆல் வகுக்க ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு. சூரியசித்தாந்தம் நாட்டொகையை 1,57,79,17,828 என்கின்றது. இரண்டுக்கும் வேற்றுமை 328 நாள். ஆண்டின் அளவிலோ ஆறரைச் செக்கனுக்குச் சற்று மேல். இத்துணை நுண்ணிய வேற்றுமையையும் பின்னமின்றிச் சொல்ல இடந்தருவது யுகத்தின் பெருமையே. சுழியத்தைக் கூட்டினார்கள் என்றார் அவ்வாசிரியர். அவர் தசமதானத்தைக் கூட்டுமாறு எமக்குக் கற்பித்ததும் அதன்பொருட்டேயன்றோ.

பிழையும் மயக்கமும்

இனி, நம்மவரிடத்துள்ள குற்றத்தையுஞ் சொல்லுதல் கடன். இக்கணக்கு எவ்வளவிற்குச் சரி? நட்சத்திரத்தைக் குறித்த ஆண்டின் அளவு இக்காலத்து அளவையின்படி 365 நாள் 6 மணித்தியாலம் 9 நிமிஷம் 10 செக்கன். ஆரியபட்டர் கணக்கு அதனினும் 3 நிமிஷம் 20 செக்கன் மிகை. சந்திரனின் ஒரு சுற்றோ, அவர் கணக்கில் 27.321668 நாள், இக்கால அளவோடு ஒப்பிட்டால் வேற்றுமை ஒரு செக்கனுக்கும் உட்பட்டது. சந்திரனில் வியக்கத்தக்க செம்மையும், சூரியனில் அளக்கத்தக்க பிழையும் ஒருங்கே உள. இரண்டையும் மாணாக்கருக்குச் சொல்லுக. செம்மையை மாத்திரஞ் சொல்லிப் பிழையை மறைக்கும் ஆசிரியர், பிள்ளை வளர்ந்து பிழையைப் பிறர் வாயிற் கேட்கும் நாளிலே, செம்மையையும் அது நம்பாதபடி செய்துவிடுகின்றனர்.

இன்னுமொரு மயக்கம் உண்டு. ஆண்டுக்கு 3 நிமிஷம் 20 செக்கன் மிகையாயின், அது ஒரு நாளாகத் திரள எத்தனை ஆண்டு செல்லும்? 200 செக்கனால் 86,400 ஐ வகுக்க 432. யுகத்தொகையின் 432 இங்கேயும் வந்துவிட்டது! சமயப் பிரசங்கஞ் செய்வாருட் சிலர் இத்தகையதொன்றைக் கண்டால் அதனை அற்புதமெனச் சாற்றுவர். ஆசிரியர் காரணிப்படுத்திக் காட்டுக. 86,400 இன் காரணிகள் 2 இன் ஏழாம் வலு, 3 இன் மூன்றாம் வலு, 5 இன் இரண்டாம் வலு. யுகத்தொகையும் அம்மூன்றாலேயே ஆயது. இரண்டும் பன்னிரண்டு, அறுபது என்னும் அளவுகளிற் பிறந்தமையால், 200 போன்ற எண்ணால் வகுக்குமிடத்து ஒரே முகம் தோன்றுவது இயல்பு. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் முகம் ஒத்திருத்தல் அற்புதமன்று. பிரமாவின் பகலாகிய 432 கோடி ஆண்டைப் பூமியின் வயதாக இக்காலத்தார் கூறும் ஏறக்குறைய 454 கோடியோடு ஒப்பிட்டு, நம்மவர் அன்றே கண்டனரெனப் பேசுவாருக்கும் இதுவே விடை. முன்னையது வகுபடுதற்கு வாய்ப்பாக வைத்த தொகை; பின்னையது கற்களையும் விண்கற்களையும் ஆய்ந்து பெற்ற அளவு. பிறந்த வழி வேறாயின், அணிமை மாத்திரம் உறவாகாது.

முடிவுரை

யுகத்தொகையை இங்ஙனம் வகுத்தும் பிழைகண்டும் கற்பித்தால், பிள்ளைகளின் சமயபத்தி குறைந்துவிடாதோ என்று ஆசிரியர் சிலர் அஞ்சக்கூடும். சைவசித்தாந்தங் கற்றோர்க்கு இவ்வச்சம் வேண்டுவதன்று. காலமென்பது தத்துவம் முப்பத்தாறனுள் ஒன்று; வித்தியா தத்துவம் ஏழனுள் வைத்து எண்ணப்படுவது; சடம். சிவபெருமானோ காலங்கடந்த பொருள். கடந்த பொருளின் மேல் வைத்த அன்பு, கடக்கப்பட்ட பொருளின் அளவிலே மூன்று நிமிஷம் மிகுந்தமையாற் குறைவதில்லை. நமது சமயத்தின் பெருமையை ஓர் எண்ணின் பருமையிலே வைத்துக் கற்பித்தோமாயின், அதனினும் பெரிய எண்ணொன்றைப் பிள்ளை கேட்கும் நாளிலே அப்பெருமை என்னாகும்? ஆதலின் எண்ணை எண்ணாகக் கற்பிக்க. அதனை ஆக்கியோரின் உழைப்பைப் போற்றக் கற்பிக்க. வணங்கற்பாலது வேறென்பதையும் உடன் கற்பிக்க.

அன்று இரண்டிடத்துந் தலைகுனிந்து நின்ற பிள்ளையைப்போல ஒரு பிள்ளை, இன்றும் நமது பாடசாலைகளில் இருத்தல் கூடும். அப்பிள்ளைக்கு நகைப்பாரோடு வாதாடவும் வேண்டாம். வெகுள்வாரோடு மாறுபடவும் வேண்டாம். வகுக்கத் தெரிந்தாற் போதும். அடுத்த சமயபாடத்தில் யுகத்தொகையைச் சொல்லும் ஆசிரியர், அதனைக் கரும்பலகையினின்றும் அழித்துவிடாது, கணிதபாட மணி அடிக்கும் வரையும் அங்கேயே விட்டுவைப்பாராக.

அப்பியாசம்

1. கலியுகத் தொகையாகிய 4,32,000 க்குக் காரணிகள் எத்தனை? (விடை: 128)

2. சதுர்யுகத்து நாட்டொகையை ஏழால் வகுத்தால் மீதி யாது? (விடை: 5)

3. 7,500 ஐ 2,10,389 ஆற் பெருக்கினால் 1,57,79,17,500 வருமென்பதை இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிச் சோதிக்க. (விடை: 7,500 க்கு 3, 2,10,389 க்கு 5, மூவைந்து பதினைந்தில் ஒன்பதைத் தள்ள 6. நாட்டொகையின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 42. அதுவும் 6 ஆம். இச்சோதனை ஒவ்வாதாயிற் பெருக்கல் பிழையென்பது உறுதி. ஒத்தமையால் மாத்திரம் சரியென்பது உறுதியன்று.)

4. சூரியசித்தாந்தத்து நாட்டொகைக்கும் 43,20,000 க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது யாது? (விடை: 4. ஆதலின் அக்கணக்கு 10,80,000 ஆண்டுக்கு மேற் சுருங்காது.)